'கசின்' என்பதற்குக் கலைச்சொல் வேண்டும்: மருத்துவப் படிவத்திற்காக, அவசரம்

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அன்புடையீர், வணக்கம். மரபியல் ஆலோசனைப் பிரிவு ஒன்றுக்காகக் குடும்ப நோய் வரலாற்றுப் படிவம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளைகளைக் குறிக்கும் 'கசின்' என்னும் ஆங்கிலச் சொல் மட்டும் வழிமறித்து நிற்கிறது. அகராதிகளைப் பின்பற்றி, "நீங்கள் ஒன்றுவிட்ட சகோதரரை மணந்துள்ளீர்களா?" என்று எழுதி, முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்கச் செய்தோம். ஓர் அம்மையார் முகம் சுளித்து, "அண்ணன் முறையை யாராச்சும் கட்டுவாங்களா?" என்று செவிலியரையே திருப்பிக் கேட்டிருக்கிறார். செவிலியர் 'இல்லை' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு, ஏதோ தோன்றி, "சொந்தத்திலா, அசலிலா?" என்று வினவிய பிறகுதான், "எங்க மாமன் மகன்தான்" என்ற விடை வந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் சிலர் சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்கிறார்கள். உடன்பிறந்தோர் சராசரியாக 50 விழுக்காடு மரபணுக்களைப் பகிர்பவர்கள். முதல்நிலைக் கசின்களோ 12.5 விழுக்காடுதான். அந்தக் கணக்கில் அத்தை மகனும் சித்தி மகனும் ஒன்றே என்பதால், இருவரையும் ஒருங்கே குறிக்கும் ஒரு சொல்லைத் தந்து உதவ வேண்டுகிறேன்.

ஆங்கில ஆசிரியை, திருநெல்வேலி:

இந்தச் சொல்லை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முதலில் கேட்பது, கசின் ஆணா பெண்ணா என்பதுதான். அடுத்து மூத்தவரா இளையவரா என்பார்கள். பிறகு எந்த வழிச் சொந்தம் என்பார்கள். இவற்றைச் சொல்லாமல் தமிழில் ஓர் உறவை அழைக்க முடியாது. ஆங்கிலச் சொல்லோ எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பவே நம்மவர்கள் 'கசின் பிரதர்', 'கசின் சிஸ்டர்' என்று ஒட்டுப்போட்டுப் பேசுகிறார்கள். விடைத்தாளில் அதைச் சிவப்பு மையால் அடிக்கிறேன் என்றாலும், அது அறியாமையால் வரும் பிழையன்று என்பதே என் எண்ணம்.

இன்னொரு பொறியையும் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டும். 'கசின் ஒன்ஸ் ரிமூவ்டு' என்பதைப் பார்த்தவுடன் 'ஒன்றுவிட்ட' என்று எழுதக் கை துடிக்கும். ஆங்கிலத்தில் அது தலைமுறை வேறுபாட்டைச் சொல்வது: தந்தையின் கசின் எனக்குக் 'கசின் ஒன்ஸ் ரிமூவ்டு'. நாம் 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்பது அதே தலைமுறையில் பக்கவாட்டில் விலகிய உறவு. தந்தையின் அந்தக் கசினோ, அவருக்குப் பெரியப்பா மகனாக இருந்தால் எனக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா முறை; அத்தை மகனாக இருந்தால் மாமா முறை.

புலவர், தஞ்சாவூர்:

'சகோதரர்' என்ற வடசொல்லுக்கே ஒரு வயிற்றில் பிறந்தவர் என்றுதான் பொருள். ஒரு வயிற்றில் பிறந்தவர் எப்படி ஒன்று விட்டுப் பிறப்பார் என்று அகராதி எழுதியோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும். 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்' என்று குறுந்தொகைத் தலைவன் முறையைக் கேட்கும்போது வாயில் வந்த 'கேளிர்' என்னும் சொல் இருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? அது பொதுப்பட்டுவிடும் என்று தோன்றினால், ஓரடியிலிருந்து பிரிந்தவர் என்ற பொருள்படக் 'கிளைஞர்' என்று ஆளலாம். உறவினரைக் குறிக்கும் ஆங்கிலத்துக் 'கின்' என்பதும் நம் 'கிளை'யிலிருந்து சென்றதே என்பது என் துணிபு. அதை விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

மொழியியல் ஆய்வாளர், சென்னை:

புலவர் ஐயா மீது மதிப்பு உண்டு. ஆனால் 'கின்' இலத்தீனத்துக் 'கெனுஸ்', வடமொழி 'ஜன' ஆகியவற்றின் உடன்வேர்ச்சொல். தனிமடல் பட்டியலில் என்னைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். 'கேளிர்' பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 'யாவரும் கேளிர்' என்று கணியன் பூங்குன்றனாரே கதவைத் திறந்துவிட்ட பிறகு, படிவத்தில் யாரைத்தான் விலக்குவது? 'கிளைஞர்' என்று தட்டினால் என் கைப்பேசி 'கலைஞர்' என்று திருத்துகிறது. 'உடன்பிறப்பு' என்பதோ ஏற்கெனவே அவருடைய முரசொலிக் கடிதங்களோடு ஒட்டிய சொல். மருத்துவப் படிவம் கட்சி சாராமல் இருப்பது நல்லது.

சுவையான செய்தி வேறொன்று உண்டு. 'கசின்' என்பதன் மூலமான இலத்தீனக் 'கொன்சொப்ரீனுஸ்' முதலில் தாயின் சகோதரி பிள்ளையை மட்டுமே குறித்தது. தந்தையின் சகோதரன் பிள்ளைக்குப் 'பத்ருயேலிஸ்', அத்தை பிள்ளைக்கு 'அமிதீனுஸ்' என்று வேறு சொற்கள் இருந்தன. அந்த வேறுபாடுகள் தேய்ந்தபின் எஞ்சியதே இன்றைய சொல். ஷேக்ஸ்பியரின் கிளாடியஸ் தன் அண்ணன் மகனான ஹாம்லெட்டையே 'கசின்' என்று விளிக்கிறான். இப்பிள்ளைகளை இரு வகையாகப் பிரிக்கும் தமிழ் உறவுமுறையின் ஒழுங்கு அமெரிக்கப் பழங்குடிகளான செனகர்களின் முறையோடு ஒத்திருப்பதை 1871-இல் மானிடவியலாளர் மார்கன் பதிவுசெய்தார். ஆகவே நம்மிடம் இல்லாத பொதுமையை ஒரு சொல்லால் திணிக்காமல், பெரியப்பா, சித்தி பிள்ளைகளுக்குப் 'பங்காளி முறையார்' என்றும் மற்றவர்க்கு 'மைத்துன முறையார்' என்றும் இரண்டாகவே வைக்கலாம்.

ஈழத்து வாசகர், டொரொன்டோ:

எங்கள் பக்கத்தில் மாமா மகளும் மாமி மகளும் மச்சாள்தான். 'மைத்துன முறையார்' என்று எழுதினால் அது கல்யாண வீட்டு அழைப்பிதழ் போலத் தெரியும். 'பங்காளி' என்பதும் சரிவராது. அது தந்தை வழியில் சொத்துக்கு உரித்துடையவரைச் சுட்டும் சொல். சித்தி மகன் எனக்குத் தம்பிதான் என்றாலும் பங்காளி அல்லன்.

புலவர், தஞ்சாவூர்:

'மைத்துனன்' வடசொல் வழிப்பட்டது என்று சிலர் எழுதக் காத்திருப்பதை அறிவேன். 'மைத்துனன் நம்பி மதுசூதன்' என்று ஆண்டாள் தன் மணவாளனைக் குறித்த சொல்லை ஒதுக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும் 'அம்மான் சேய்' என்பது அந்தணர் வீடுகளில் 'அம்மாஞ்சி'யாக இன்றும் வாழ்கிறது. மாமன் மகளுக்கு 'அம்மங்கார்', அத்தை மகளுக்கு 'அத்தங்கார்' என்பவையும் உண்டு. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லுக்கு ஏங்குகிறோம்.

வழக்கறிஞர், மதுரை:

வெள்ளிக்கிழமையை எல்லோரும் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. தடைசெய்யப்பட்ட உறவுகளைச் சொல்லும் 3-ஆம் பிரிவில் இந்த உறவு வரும் இடத்தில் 'கசின்' என்ற சொல்லே இல்லை. 'சகோதரன் சகோதரியின் பிள்ளைகள், இரு சகோதரர்களின் பிள்ளைகள், இரு சகோதரிகளின் பிள்ளைகள்' என்றே விரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. வழக்காறு இடம்கொடுத்தால் தடையில்லை என்பதை 5-ஆம் பிரிவு சேர்க்கிறது. ஆங்கிலச் சட்டமே நம்பாத சொல்லுக்குத் தமிழில் நிகர் தேடி ஏன் இரவு விழிக்க வேண்டும்? உறவை விரித்து எழுதிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் நன்றி. "உங்கள் கணவர் / மனைவி சொந்தமா? ஆம் எனில்: அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, பெரியப்பா அல்லது சித்தப்பா பிள்ளை, பெரியம்மா அல்லது சித்தி பிள்ளை, அக்காள் மகள், தாய்மாமன், வேறு" என்று கட்டங்களாகப் பிரித்துவிட்டேன். அக்காள் மகளை மணப்பது மரபணு நெருக்கத்தில் இன்னும் ஒரு படி கூடுதல், அதாவது 25 விழுக்காடு என்பதால், அதைத் தனியே கேட்பது மருத்துவர்களுக்கும் உவப்பாக இருந்தது. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள்' என்று சேர்த்திருக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் பெரும்பான்மையோர் கருத்துப்படி 'ஒன்றுவிட்ட உறவினர்' என்று பதிவுசெய்கிறேன். யாருக்கும் அதில் உற்சாகம் இல்லை என்பதையும் அறிவேன்.

புலவர், தஞ்சாவூர்:

படிவம் பிழைத்தது; மகிழ்ச்சி. என் மாறுபாட்டைப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் எழுதித் தப்பிப்பது முதல்நிலைக்குத்தான் உதவும். பாடநூலில் இரண்டாம்நிலைக் கசின் வரும்போது 'தாத்தா பாட்டியுடன் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள்' என்று எழுதுவீர்களா? மூன்றாம்நிலைக்கு அட்டவணையில் கட்டமே போதாது. அப்போது 'கிளைஞர்' தேவைப்படும்.