பொருள்: மறுமொழி: நுரையீரல் உறைக்கட்டி அறுவைகள் – ‘உறையுரிப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> எக்ஸ்ட்ராப்ளூரல் நியூமோனெக்டமி = புறவுறை நுரையீரல் நீக்கம்
> ப்ளூரெக்டமி டீகார்ட்டிகேஷன் = நுரையீரல் உறை நீக்கம்

நம் தமிழ் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் இவ்விரண்டையும் ஒரு நோயாளியின் கண்ணால் படித்துப் பாருங்கள். முதல் அறுவையில் ஒரு பக்க நுரையீரல் முழுவதும், உறையின் இரு படலங்களும் (ஒன்று நுரையீரலைப் போர்த்துவது, மற்றது மார்புச் சுவரின் உட்புறத்தை ஒட்டியது), அந்தப் பக்கத்து உதரவிதானமும், இதய உறையின் ஒரு பகுதியும் ஒரே திரளாக வெளியே வரும். இரண்டாவதில் உறையும் அதில் படர்ந்த கட்டியும் மட்டுமே போகும், நுரையீரல் தங்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறவர் முதலில் கேட்பது ‘நுரையீரல் மிஞ்சுமா?’ என்பதைத்தான். மேலுள்ள இரண்டு சொற்களும் அதற்குப் பதில் சொல்லவில்லை. ‘புறவுறை’ என்றால் வெளிப்பக்க உறை மட்டும் போகிறது என்றுகூட ஒருவர் நினைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு:
முதலாவது – உறையோடு நுரையீரல் நீக்கம்.
இரண்டாவது – நுரையீரல் உறையுரிப்பு.

‘கருப்பை நீக்கம்’ என்று ஏற்கெனவே புழங்குவதால், ‘நீக்கம்’ என்றதும் உறுப்பு முழுதாகப் போகிறது என்பது யாருக்கும் விளங்கும். ‘உரிப்பு’ என்றால் மேலே இருப்பது போகிறது, உள்ளே இருப்பது நிற்கிறது.

> ‘உரிப்பு’ காதுக்குக் கொச்சையாக இருக்கிறது. ‘அகற்றம்’ போதாதா?

போதாது, ஐயா. அறுவையரின் கை செய்வதே அதுதான். மார்புச் சுவரை ஒட்டிய படலத்தைப் பிரித்தெடுத்த பிறகு, நுரையீரலின் மேல் தடித்துப் படிந்த படலத்தை விரலாலும் கருவியாலும் சிறிது சிறிதாக உரிக்கிறார். உரித்த பரப்பிலிருந்து காற்று கசியும்; அது அடைபட நாளாகும், அதுவரை மார்புக் குழாய் இருக்கும். ‘உறையுரிப்பு’ என்று கேட்டவருக்கு இந்தக் கசிவை விளக்குவது எளிது. ‘அகற்றம்’ என்ற சொல்லில் அந்தப் பச்சைப் பரப்பு தெரிவதே இல்லை.

அடுத்தது ‘எக்ஸ்டெண்டட்’. உறையுரிப்போடு உதரவிதானத்தையோ இதய உறையையோ சேர்த்து எடுத்தால் அந்தப் பெயர். ‘விரிவான உறையுரிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. தமிழில் ‘விரிவான’ என்பது பாராட்டு. விரிவான சிகிச்சை என்றால் மேலான சிகிச்சை என்றே படும். ஆனால் 2024-இல் வெளியான ‘மார்ஸ் 2’ ஆய்வு இந்த அறுவையைத்தான் சோதித்தது. பிரிட்டனில், நுரையீரல் உறையில் வரும் புற்றான மீசோதீலியோமா உள்ள 335 நோயாளிகள். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்காலம் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 24.8 மாதம், அறுவையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 19.3 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் அறுவைப் பிரிவில் கூடுதல். இதைச் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவரைச் சொல்லே ஒரு பக்கம் சாய்த்துவிடக் கூடாது. ‘அகன்ற உறையுரிப்பு’ என்போம். எது சேர்ந்து போகிறதோ அதைச் சொல்லியே ‘உதரவிதானத்தோடு உறையுரிப்பு’ என்றால் இன்னும் நல்லது.

மீசோதீலியோமாவுக்கு ‘இடைத்தோலியப் புற்று’ எனக்குச் சம்மதம். ‘தீய இடைத்தோலியப் புற்று’ வேண்டாம். புற்று என்றாலே தீயதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடும் அந்த அடைமொழியை விட்டுவிட்டது.

> சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் = தனி நார்ப்புற்று

இதை மட்டும் உடனே மாற்ற வேண்டுகிறேன். கிளெம்பரர், ராபின் என்ற மருத்துவர்கள் 1931-இல் தனியாகப் பிரித்துக் காட்டிய கட்டி இது. பெரும்பாலும் தீங்கற்றது, பல நேரம் ஒரு காம்பில் தொங்கும், காம்போடும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவோடும் எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். சிலருக்குத் திரும்ப வரும், சில தீயதாகவும் நடந்துகொள்ளும். ஆகையால் பல ஆண்டு கண்காணிப்பு உண்டு. ஆங்கிலத்தில் நெடுங்காலம் இதையும் ஒருவகை மீசோதீலியோமா என்றே எழுதிக் குழப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் கொடிய நோயையும் இதையும் ‘புற்று’ என்ற ஒரே சொல்லில் கட்டினால், அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பம் தேவையின்றி இடிந்துபோகும். ‘தனி நார்க்கட்டி’ போதும்.

‘ப்ளூரோடெசிஸ்’ பாக்கி. உறையின் இரு படலங்களுக்கிடையே நீர் மீண்டும் சேராதபடி டால்க் தூள் தூவி அவற்றை ஒட்டவைப்பது. ‘உறையொட்டு’ என்று தோன்றுகிறது. ‘உறையிணைப்பு’ என்று முன்பு எழுதிய நண்பர் தம் காரணத்தைச் சொன்னால் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்