சினிமாவுக்கு அரசாங்கம் தரும் காசு: நம்ம நெல்லைப் பக்கம் யாராவது கண்ணால் பார்த்தீர்களா?

கல்லிடை ராசா

சிறு முதலீட்டில் எடுத்து முடித்த படங்களைக் குழு ஒன்று பார்த்துத் தேர்ந்தெடுக்க, தமிழ்நாடு அரசு தரும் 7 லட்ச ரூபாய் மானியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர், வாழைக்காய் மண்டிக்காரர், அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு படம் எடுத்தார். வண்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். படம் வந்தது, போனது. பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது.

மானியத்துக்கு எழுதிப் போட்டார். அப்புறம் வருஷக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் மண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், ஏலம் நடக்கிறது. மூலையில் இருந்த டிவியில் சிறுமுதலீட்டுப் படங்களுக்கு மானியம் என்று செய்தி ஓடியது. அண்ணாச்சி எழுந்துபோய் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார். தாருக்கு நம்பர் போடுகிற மைக்குச்சி கையில் இருக்கிறது, மை சொட்டி வேட்டியெல்லாம் நீலம். கீழே ஓடுகிற வரியில் படப் பெயரெல்லாம் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் நின்றார். ஏலம் விடுகிறவர், "அண்ணாச்சி, கேக்கியளா இல்லையா?" என்று சத்தம் போட, "நீ விடுலே" என்றார், திரும்பவே இல்லை.

7 லட்சம் அவர் வாங்கிய கடனுக்கு வட்டிகூடக் காணாது. அவருக்கு அந்தக் காசு பெரிதில்லை. குழு தன் படத்தைப் பார்த்ததா என்பதுதான் தெரியவேண்டும். பார்த்தோம், பிடிக்கவில்லை என்று ஒரு கடுதாசி போட்டால் என்ன?

டிக்கெட் மணி

தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-ல் அறிவித்தார்களே, அப்போது நான் ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டர் கவுண்டரில் இருந்தேன். போஸ்டர் மேலேயே 'வரிவிலக்கு' என்று குறுக்கே ஒட்டியிருந்தார்கள். மானூர் பக்கத்து ஆள் ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு வந்தவர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கையைப் பொந்துக்குள் விட்டபடியே நிற்கிறார். "மிச்சம் தந்தாச்சே" என்கிறேன். "வரி இல்லைன்னு ஒட்டிருக்கீரு. வரிக்காசத் தாரும் ஓய்."

உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டார், எடுக்கமாட்டேன் என்கிறார். பின்னால் வரிசை கத்துகிறது. மேனேஜரிடம் ஓடினால், அது படம் எடுத்தவங்களுக்குக் கொடுத்த சலுகை, டிக்கெட் விலை அப்படியேதான், போய்ச் சொல் என்கிறார். சொன்னேன். "அப்போ எனக்கு எதுக்கு வேய் ஒட்டிக் காட்டுறீரு?" என்று கேட்டுவிட்டுப் படம் பார்க்க உள்ளே போய்விட்டார். நான் அன்று ராத்திரி சம்பளக் கணக்குப் போடும்போதுகூட அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. 2011-ல் ஆட்சி மாறியதும் யு சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாடு வேண்டும் என்று நிபந்தனை கூடியது. ஆனால் பார்க்க வருகிறவர் கொடுக்கிற காசு குறையவில்லை.

பாளை பிலிம் சொசைட்டி (பழையவன்)

ராசா, உங்கள் அண்ணாச்சி மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மானியம் என்றாலே படம் எடுக்கிறவர் கையில் காசு என்று ஏன் நினைக்கிறோம்? பார்க்கிறவர்களுக்கும் அரசாங்கம் செய்திருக்கிறது. படம் பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்திய எங்கள் சொசைட்டியில், புனேயில் இருக்கும் மத்திய அரசின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து 16 எம்எம் பிரதி வரவழைத்துப் போட்டோம். தகரப் பெட்டியில் ரயிலில் வரும். ஒருமுறை பாதிப் படத்தில் ரீல் அறுந்து, புரொஜக்டர்காரர் பல்லால் கடித்து ஒட்டுநாடாவைக் கிழித்து ஒட்டினார். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில் போட்டாலும் பத்துப் பேர் வரமாட்டார்கள்.

1960-ல் மத்திய அரசு பிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆரம்பித்ததே படம் எடுக்கக் கடன் கொடுக்கத்தான். ஓடாத படங்களுக்குப் பணம் போடுகிறது என்று 1976-ல் நாடாளுமன்றக் குழுவே குறை சொன்னது. ஓடுகிற படத்துக்கு அரசாங்கக் காசு எதற்கு என்று திருப்பிக் கேட்க ஆளில்லை! பிறகு அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு, அதாவது என்எஃப்டிசியோடு, சேர்ந்தது. 2022-ல் அரசின் ஆவணப்படங்களை எடுத்துவந்த பிலிம்ஸ் டிவிஷன், ஆவணக் காப்பகம், குழந்தைகள் படச் சங்கம் எல்லாவற்றையும் அதே என்எஃப்டிசிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணக் காப்பகம் லாபக் கணக்குப் பார்க்கிற இடமில்லை.

லொகேஷன் சங்கரன்

நம்ம கதை சின்னது. முண்டந்துறை வனத்துறைச் செக்போஸ்ட்டில் ஜெனரேட்டர் வண்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அனுமதிக் கடிதத்தில் இருந்த வண்டி நம்பர் வேறு, வந்த வண்டி வேறு. டைரக்டர் கேட்டுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து வெளிச்சம் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இனி படம் எடுக்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் என்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் ஒரு முக்காலிகூட இறக்கக்கூடாது. பாபநாசம், மணிமுத்தாறு என்று கதையில் எழுதுவதற்கு முன்னாலேயே விசாரியுங்கள். ஆடு, மாடு, சண்டைச் சேவல் எது வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எடுத்து முடித்த பிறகு தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சாருக்குப் போக முடியாது. முன்பு வாரியம் சென்னை திருவான்மியூரிலேயே இருந்தது, பஸ் ஏறிப் போய் நின்றால் காரியம் நடக்கும். 2018-ல் ஹரியானா பல்லப்கருக்குப் போய்விட்டது. ஆகவே நாள் கணக்கை முதலிலேயே போடுங்கள். எல்லாச் செலவுக்கும் பில் வையுங்கள், டீக்கடை உட்பட. ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லை நம்பாதீர்கள். வாய்ப்பு இருந்தால் புளியரை தாண்டிக் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 1975-லிருந்து இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று அதற்குச் சொந்தத் தியேட்டர்களே உண்டு. பெண் இயக்குநருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநருக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி வரை தருகிற திட்டம் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் படம் முடிந்தபிறகு மானியம், அங்கே படம் எடுக்கவே பணம். ராசாவின் அண்ணாச்சி அதைத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

ஆய்க்குடி செல்வி

சங்கரன் அண்ணன் சொன்ன பட்டியலில் ஆட்டுக்கும் சேவலுக்கும் வாரியம் இருக்கிறது, சரி. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திக் காட்டில் எங்கள் அம்மா ஒரு பாட்டுக்குக் கூட்டத்தில் நின்றாள். மூன்றாவது டேக்கில் வெயில் தாங்காமல் சரிந்துவிட்டாள். காட்டுக்காரர் "பூவை மிதிக்காதீங்க!" என்று ஒரு பக்கம் கத்துகிறார், கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் "வரிசை கலையாதீங்க!" என்று கத்துகிறார். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு நடுவில் நிற்கிறேன், எந்தப் பக்கம் போக?

பின்னால் விசாரித்தபோது, திரைப்படத் துறையினர் நல வாரியம் இருக்கிறதே, சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்றார்கள். ஒருநாள் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறவளுக்கு சென்னைச் சங்க அட்டை எங்கே இருந்து வரும்? அம்மாவுக்குக் கோபமில்லை. பாட்டு டிவியில் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஓரத்துல பாரு, நான்தான்" என்கிறாள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அது அவள்தானா என்று.

டிக்கெட் மணி

செல்வி, எந்தப் பாட்டு என்று தனியாகச் சொல்லுங்கள். நான் பார்க்கிறேன்.

சங்கரன், ஜிஎஸ்டி பற்றிச் சொன்னதால் சேர்க்கிறேன். இது பில்லோடு முடியவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்கு மேலே உள்ளாட்சி வரி 30 சதவீதம் என்று போட்டதும் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டரை மூடினோம். அதே வருஷம் அந்த உள்ளாட்சி வரி தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதம் ஆனது. 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 2019-ல் 12 ஆனது, 2025 செப்டம்பரிலிருந்து 5. நான் கவுண்டரை விட்டு வந்துவிட்டேன். இப்போது அங்கே இருக்கிறவரிடம் மானூர்க்காரர் போல யாராவது கை நீட்டினால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.