ப்ளூ நோட்டின் முதல் பாடகி யார்?

கீழ்ச்சுருதி: நேற்று இங்கே ஒருவர், ப்ளூ நோட் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்ட முதல் பாடகி ஆல்பம் ஷீலா ஜோர்டனின் ‘போர்ட்ரெயிட் ஆஃப் ஷீலா’ என்று எழுதினார். ஆளாளுக்குக் கைதட்டினீர்கள். அந்த இசைத்தட்டுக்குக் கம்பெனி கொடுத்த வரிசை எண் 9002. அப்படியென்றால் 9001 யாருடையது? டோடோ கிரீன் பாடிய ‘மை ஹவர் ஆஃப் நீட்’. 1962 ஏப்ரலில் பதிவு தொடங்கியது. ஷீலா ஸ்டுடியோவுக்குப் போனதே அந்த செப்டம்பரில்தான்.

மழைக்குருவி: அந்த “ஒருவர்” நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். டோடோ பாடியது ப்ளூஸும் பாலட் என்கிற மெதுவான காதல் பாட்டுகளும். ஜாஸ் பாடகி என்றால் ஷீலாதான் முதல்.

கீழ்ச்சுருதி: பின்னால் சாக்ஸபோன் ஐக் கியூபெக், கிட்டார் கிராண்ட் கிரீன். இது ஜாஸ் இல்லையா? 9001.

பழையதட்டு: 1947லேயே பேப்ஸ் கொன்சாலெஸ் ப்ளூ நோட்டுக்குப் பாடியிருக்கிறார்.

மழைக்குருவி: அவர் ஆண். ஐயா, தலைப்பையாவது படியுங்கள்.

பழையதட்டு: சரி, எண்ணை விடுங்கள். ஷீலாவின் தட்டில் பியானோவே கிடையாது. பாரி கால்பிரைத் கிட்டார், ஸ்டீவ் ஸ்வாலோ பாஸ், டென்சில் பெஸ்ட் டிரம்ஸ். ‘டட் டேர்’ பாட்டில் குரலும் பாஸும் மட்டும்தான். சுருதி கொஞ்சம் விலகினாலும் ஒளிய இடமில்லை. இந்தத் துணிச்சல் வேறு யாருக்கு இருந்தது?

கீழ்ச்சுருதி: பாடகி ஜீன் லீக்கு இருந்தது. ஷீலாவுக்கு முன்பே ரான் பிளேக்கின் பியானோவை மட்டும் வைத்து ஓர் ஆல்பமே பாடினார். துணிச்சலைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. முதலில் யார் என்பதுதான் கேள்வி.

மழைக்குருவி: “மட்டும்” இல்லை. அதில் சில பாட்டுகளுக்கு ஜார்ஜ் டுவிவியர் பாஸ் வாசித்தார். ஊருக்கெல்லாம் திருத்தம் சொல்பவர் இதைக் கவனிக்கவில்லையா? போன மாதம் பாடகி பெவர்லி கென்னி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

கீழ்ச்சுருதி: நான் எங்கும் போகவில்லை, உங்களிடம் பதில் இல்லாததால் பேச்சு நின்றது. டுவிவியர் வாசித்தால் 9002 எப்படி 9001க்கு முன்னால் வரும்? ஷீலாவாவது விளம்பரக் கம்பெனியில் டைப் அடித்துப் பிழைத்து, 1975இல் தன் பெயரில் அடுத்த ஆல்பம் போட்டார். டோடோவுக்கு ப்ளூ நோட் வெளியிட்டது அந்த ஒன்றுதான். அந்த ஒன்றிலும் முதலிடத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பழையதட்டு: இருவரையும் விடப் பாடகி ஐரின் கிரால் மேல். ஆலன் பிராட்பென்ட் பியானோவுடன் ‘வேர் இஸ் லவ்’ கேட்டிருக்கிறீர்களா?

கீழ்ச்சுருதி: அது எழுபதுகளில் வந்தது. குறுக்கே இழுக்காதீர்கள்.

மழைக்குருவி: நான் எழுதியதை மாற்றப்போவதில்லை. ஜாஸ் பாடகி என்றுதான் சொன்னேன்.

கீழ்ச்சுருதி: நேற்று எழுதியதில் “ஜாஸ்” என்ற சொல்லே இல்லை. மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள், இங்கேயே இருக்கிறேன்.