புதுப்பிப்பு: கறிவேப்பிலைப் புழு என்ன ஆனது?

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்த புழுக்களுக்கு மருந்து அடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி அப்படியே விட்டுவிட்டேன். தோலுரித்துப் பச்சையாகின. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்கள், அப்பப்பா! அப்புறம் தண்டில் பட்டுநூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு. நேற்றுக் காலை வெளியே வந்தது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி: கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. செடி பாதி மொட்டை, ரசத்துக்கு இலை கடையில்தான் வாங்குகிறேன். பரவாயில்லை.

பீர்க்கை பூத்தும் காய்க்கவில்லை என்றவருக்கு: முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். பூ விரிவதே சாயங்காலம்தான், அப்போது போய்ப் பாருங்கள்.