எஸ்போசிட்டோ குடும்பப்பெயர்: நேப்பிள்ஸில் ஏன் இத்தனை பேருக்கு? முன்னோரைத் தேடுவது எப்படி?

ஏடுதேடி:
இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து அமெரிக்கா போன ஒரு எஸ்போசிட்டோ குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்கிறேன். 1870-களில் பிறந்தவர் வரை வந்தாயிற்று. அந்த ஊரில் எங்கு பார்த்தாலும் இதே பெயர். எல்லோரும் ஒரே வம்சமா? இதற்கு மேல் எப்படிப் போவது?

பழந்தாள்:
ஒரே வம்சம் இல்லை. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர் இது. 'வெளியே விடப்பட்டவர்' என்று பொருள். நேப்பிள்ஸின் அன்னுன்ட்சியாத்தா ஆதரவில்லத்தின் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் தெரியாது. 1875-இல்தான் அதை மூடினார்கள். குழந்தைகளைப் பால்கொடுக்கும் தாய்மாரிடம் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அங்கேயே வளர்ந்து மணம் முடித்தவர்களால் பெயர் நேப்பிள்ஸ் அடங்கிய காம்பானியா மாநிலம் முழுக்கப் பரவியது. நேப்பிள்ஸை ஆண்ட முரா மன்னர் காலத்திலேயே (1808–1815) இந்தப் பெயரைப் புதிதாக வைக்கத் தடை வந்தது. ஏற்கெனவே பெற்றவர்களின் சந்ததி பெருகியதை எந்தத் தடை நிறுத்தும்?

மற்ற ஊர்களில் பெயர் வேறு: ஃபுளோரன்ஸில் இன்னொச்சென்தி, ரோமில் ப்ரொயெத்தி, மிலானில் கொலம்போ.

வேர்க்கால்:
அந்தெனாத்தி என்ற இத்தாலிய அரசு ஆவணக்காப்பகத் தளத்தில் பழைய பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். நேப்பிள்ஸின் குடிமைப் பதிவு (பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய அரசுப் பதிவு) 1809-இல் தொடங்குகிறது: 1809–1815, 1816–1865, 1866-க்குப் பின் என மூன்று தொகுப்புகள். நகரப் பதிவுகள் பேட்டை வாரியாகப் பிரிந்திருக்கும். பேட்டை தெரியாமல் இறங்கினால் இத்தனை எஸ்போசிட்டோக்களுக்கு நடுவில் தொலைந்துபோவீர்கள். ஆகவே முதலில் 1870-களின் பிறப்புப் பதிவை எடுத்து, பெற்றோர் பெயர், தந்தையின் வயது, குடியிருந்த தெரு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திருமணம். பெற்றோர் 1865-க்குள் மணந்திருந்தால் 'ப்ரொசெஸ்ஸெத்தி' என்ற இணைப்புக் காகிதக் கட்டைத் தவறவிடாதீர்கள். மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்று அதில் இருக்கும். தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றும், பல சமயம் தாத்தாவுடையதும் இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

பதிவில் தாய் தந்தை பெயர் இருந்தால் அவர் கைவிடப்பட்ட குழந்தை இல்லை. பெயரை முதலில் பெற்றவர் இன்னும் மேலே இருக்கிறார். 'பெற்றோர் அறியப்படாதவர்' என்று வந்தால் குடிமைப் பதிவின் பாதை அங்கே முடிகிறது.

ஏடுதேடி:
நன்றி. ஒரு சிக்கல்: மனைவியை எஸ்போசிட்டோ என்று தேடினால் கிடைக்கவில்லை.

வேர்க்கால்:
கிடைக்காது. இத்தாலியப் பதிவுகளில் பெண்கள் மணமான பின்னும் தந்தைவழிப் பெயரிலேயே வருவார்கள். இறப்புப் பதிவும் அப்படித்தான். கணவர் பெயரில் தேடுவது அமெரிக்கப் பதிவுகளுக்கு மட்டுமே பயன்படும்.

பழந்தாள்:
இன்னொன்று. கைவிடப்பட்டவர் என்றதும் அநாதை என்று எழுதிவிடாதீர்கள். பெற்றோர் உயிரோடு இருந்து, வறுமையால் விட்டுப்போனதும் உண்டு. திரும்ப வந்து மீட்க அடையாளமாகப் பாதி நாணயம், நாடா, துண்டுச்சீட்டு என எதையாவது கூட வைப்பார்கள். துணி, உடல் குறி, அடையாளம் எல்லாவற்றையும் ஆதரவில்லத்தின் வரவுப் பதிவேட்டில் எழுதியவர் குறித்திருப்பார். பின்னாளில் பெற்றோர் வந்து உரிமை கோரியிருந்தால் ஓரக்குறிப்பாக அதே பக்கத்தில் ஏறியிருக்கலாம். பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், மூலப் பக்கத்தின் ஓரங்களையும் பெரிதாக்கிப் படியுங்கள்.