புதுப்பிப்பு: பிரேக் கோளாறு பிடிபட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, என் 1998 மாடல் காரின் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கிறது என்று. பிரேக் பேடு மாற்றிப் பார்த்தேன், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தேன். பூஸ்டர் (இன்ஜினின் வேக்குவத்தை, அதாவது உறிஞ்சு விசையை, வைத்து நம் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) வேலை செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அசையவே இல்லை. பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால், கிளாம்ப்புக்கு அடியில் நகம் நுழையும் அளவு வெடிப்பு! புது ஹோஸ் போட்டதும் லேசாக மிதித்தாலே பிடிக்கிறது. பிரேக் ஆயில் டிகாஷன் மாதிரி கறுத்திருந்ததால் அதையும் மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் சிக்கியிருந்த ஏரை எடுத்தாயிற்று. பின்சக்கர டிரம் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் பாக்கி.