ஹெர்மிஷியன் குறியீடு: 44 நிரைகள், தரம் மட்டும் 32. ஏன்?

கேள்வி:
16 உறுப்புகள் உள்ள களத்தின் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய தொகுதி) மேல் ஒய்⁴ + ஒய் = எக்ஸ்⁵ என்ற வளைவரையை எடுத்து, நீளம் 64 உள்ள ஹெர்மிஷியன் பிழைதிருத்தக் குறியீடு கட்டுகிறேன். முடிவிலிப் புள்ளியில் எக்ஸின் துருவ வரிசை (அங்கே அது எவ்வளவு வேகமாக முடிவிலியாகிறது என்பதன் அளவு) 4, ஒய்யுடையது 5. துருவ வரிசை 37-ஐத் தாண்டாத எல்லா ஒருறுப்புகளையும் (எக்ஸ், ஒய் அடுக்குகளின் பெருக்கம்) 64 புள்ளிகளில் மதிப்பிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிரையாகச் சேர்த்தால் 44 நிரைகள் வருகின்றன. அணியின் தரமோ (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) 32. எங்கே இடறுகிறது?

பதில் 1:
வளைவரையின் சமன்பாட்டிலேயே விடை இருக்கிறது. ஒய்⁴ = எக்ஸ்⁵ + ஒய் (இந்தக் களத்தில் கழித்தலும் கூட்டலும் ஒன்றே) என்பதால், ஒய்⁴-இன் நிரை மற்ற இரண்டின் கூட்டல்தான். ஒய்யின் அடுக்கை 3-ஓடு நிறுத்துங்கள். அடுக்கு 0, 1, 2, 3 ஆகும்போது முறையே 10, 9, 7, 6 ஒருறுப்புகள், மொத்தம் 32. மீதி 12 நிரைகளும் இவற்றைச் சார்ந்தவை. துருவ வரிசை வரம்புக்குள் எத்தனை சாராத சார்புகள் என்று சொல்லும் ரீமான்–ராக் தேற்றமும் 37 + 1 − 6 = 32 என்றே தருகிறது. அந்த 6 வளைவரையின் ஜீனஸ்: 4, 5 இரண்டையும் கூட்டிக் கூட்டி எட்ட முடியாத எண்கள் 1, 2, 3, 6, 7, 11 என ஆறே.

புள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். எக்ஸ்⁵ எப்போதும் 4 உறுப்புகள் உள்ள உட்களத்தில் விழும். அங்குள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் சரியாக 4 ஒய் உண்டு. ஆக 16 × 4 = 64, முடிவிலியோடு 65. ஒரு வளைவரையில் இருக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளிகளைச் சொல்லும் ஹாஸே–வெய்ல் வரம்பு 16 + 1 + 2 × 6 × 4 = 65; இந்த வளைவரை அதை அப்படியே தொடுகிறது, அதனால்தான் இது இவ்வளவு அருமையானது. உங்களுக்கு 64 வரவில்லையென்றால், பெருக்கலை முழு எண்களில் மட்டு 16 கொண்டு செய்திருக்கலாம். அங்கே 2 × 8 = 0 ஆகிவிடும்; அது களமே அல்ல. களத்தை உருவாக்கும் உறுப்பான ஆல்பாவுக்கு ஆல்பா⁴ = ஆல்பா + 1 என்று வைத்து மடக்கை அட்டவணை போடுங்கள்.

பதில் 2:
37 நல்ல தேர்வு. துருவ வரிசை எம் வரையிலான குறியீட்டின் இருமம் (அதன் எல்லாச் சொற்களோடும் உட்பெருக்கம் பூச்சியமாகும் சொற்களின் தொகுதி) 74 − எம் வரையிலானது. எனவே இது தனக்குத்தானே இருமம். சரிபார்ப்பு அணி தனியாக வேண்டாம். 32 நிரைகளை இரண்டிரண்டாக, தன்னோடு தானும் சேர்த்து, 528 உட்பெருக்கங்கள் போடுங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்று பூச்சியமாகாமல் போனாலும் புள்ளிப் பட்டியலிலோ அட்டவணையிலோ பிழை.

குறைந்தபட்சத் தூரம் (இரு குறிச்சொற்கள் வேறுபடும் இடங்களின் மிகக் குறைந்த எண்ணிக்கை) சரியாக 27. ஒய் − பி என்ற சார்பை எடுங்கள். பி⁴ + பி பூச்சியமாகக் கூடாது. அது 5 வெவ்வேறு எக்ஸ்களில் மறையும். மீதி 11-இல் எட்டு எக்ஸ் மதிப்புகளுக்கு எக்ஸ் − ஏ காரணிகளைப் பெருக்கினால் 32 + 5 = 37 பூச்சியங்கள், எடை (பூச்சியமல்லாத இடங்கள்) 27.

கேட்டவர்:
ஒய்யின் அடுக்கை 3-இல் நிறுத்தியதும் 32 நிரைகளும் சாராதவையாகிவிட்டன, 528-உம் பூச்சியம். ஆனால் சாதாரண சிண்ட்ரோம் (வந்த சொல்லைச் சரிபார்ப்பு அணியால் பெருக்கிக் கிடைக்கும் பிழை அடையாளம்) டிகோடர் 11 பிழைகளில் சில சமயம் தவறுகிறது. தூரம் 27 என்றால் (27 − 1) / 2 = 13 வரை போகவேண்டாமா?

பதில் 1:
அந்த டிகோடருக்கு உறுதி 10 வரைதான். பிழைப் புள்ளிகள் எல்லாவற்றிலும் மறையும் சார்பு நிச்சயம் கிடைக்க, துருவ வரிசையைப் பிழை எண்ணிக்கையோடு 6 கூட்டித் தரவேண்டும். அந்த 6 தூரத்திலிருந்து கழிகிறது: (27 − 1 − 6) / 2 = 10. தெரியாத சிண்ட்ரோம்களைப் பெரும்பான்மை வாக்கால் ஊகிக்கும் ஃபெங்–ராவ் முறை (1993) 13-ஐ எட்டும். அதையே எழுதுங்கள்.

பதில் 2:
பிழைகள் கொத்தாக வரும் ஊடகமானால் ரீட்–சாலமனையும் பாருங்கள். 256 உறுப்புக் களத்தில் [32, 16, 17] (நீளம், தகவல் இடங்கள், தூரம்) குறியீடும் இதே 256 பிட்தான். தொடர்ச்சியாக 57 பிட் கெட்டாலும் திருத்தும். உங்களுடையது 49 வரை. சிதறிய பிழைகளில் நிலைமை தலைகீழ்: அது 8 பைட்டோடு நிற்கும், ஹெர்மிஷியன் 13 இடங்களைத் தாங்கும்.